அத்தையின் புல்லாக்கு இல்லாத தபால்தலை

காஃபல்டாண்டா,
ஆடி மாதம், மழை விட்ட ஒரு காலை.

காத்மாண்டுவில் தபால்தலை வரையும் மரியாதைக்குரிய ஓவியர் ஐயா அவர்களுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது புல்லாக்குதான், அதாவது அது அங்கே இல்லாதது. ஆனால் எடுத்த எடுப்பில் இதைச் சொல்வது முறையில்லை. கடிதம் என்றால் நலம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் இருந்த ஆறாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்குப் பிறகு மாற்றியிருந்தால் எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே அத்தை நலம், மாமா நலம், எருமையும் கன்றும் நலம், மழையில் சரிந்த கொல்லைச் சுவரைத் தவிர மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன. அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் தூரிகைகளும் நலமாக இருக்கும்படி பசுபதிநாதர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் மாடி அறையில் உட்கார்ந்து வரைவீர்கள், ஜன்னலில் எப்போதும் புறா உட்கார்ந்திருக்கும் என்று புகைப்படக்காரர் ரத்னமான் அண்ணன் சொன்னார். அதனால் புறா உட்கார்ந்த ஜன்னலைப் பார்த்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மனிதரைப் பார்த்து என்றால் எனக்குப் பேச்சு வராது.

ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்கு உழைக்கிறவர்களைத் தபால்தலையில் போடும் வரிசையில் நீங்கள் வரைந்தீர்களே, நீலச் சேலையும் தோளில் மருந்துப் பையுமாக ஒரு சுகாதாரத் தொண்டர், கீழே 'நந்தகலி ராணா' என்று பெயர், அந்த நந்தகலி என் அத்தை. அந்தப் பெயர் சரி, சேலை சரி, பை ரொம்பச் சரி, பையின் வாரில் போட்ட முடிச்சைக்கூட விடாமல் வரைந்திருக்கிறீர்கள். முகம் மட்டும் என்னுடையது. உங்கள் மேல் தப்பே இல்லை ஐயா. ரத்னமான் அண்ணன் வந்த அன்று அத்தை மேல் குடியிருப்பிலிருந்து ஒரு கர்ப்பிணியைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "வெளிச்சம் போகுதும்மா, உங்க அத்தை வர்றதுக்குள்ள கேமராவைச் சரிபண்ணி வச்சுக்கிறேன், கொஞ்சம் நில்லு" என்று அண்ணன் கொடியில் காய்ந்த அத்தையின் இன்னொரு நீலச் சேலையை என் தோளில் போட்டார், ஆணியில் தொங்கிய மருந்துப் பையை எடுத்து மாட்டினார். "என்னைப் பாரு" என்றார். நான் பார்க்கவில்லை. "சரி, ஆத்தைப் பாரு" என்றார். அதைப் பார்த்தேன், ஆறு திரும்பிப் பார்க்காது என்பதால் எனக்கு அது சுலபம். அத்தை சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தபோது பளீர் பளீரென்று விளக்கு அடித்துத்தான் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பளீருக்கும் அத்தை வெங்காயம் உரிக்கிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணை மூடியிருப்பவரைத் தபால்தலையில் எப்படிப் போடுவீர்கள்? கண் திறந்திருந்த படத்தைப் பார்த்து வரைந்திருப்பீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பங்குனியில் தபால் நிலையத்துக்குக் கட்டு வந்தது. எங்கள் தபால் நிலையம் என்பது போஸ்ட்மாஸ்டர் பிருகுராஜ் சித்தப்பா வீட்டின் முன் அறை. ஊரே அங்கே நின்றது. அவர் தாளை விரித்தார். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், வரிசை வரிசையாக நான். பள்ளியில் பிரார்த்தனைக்கு ஒரே ஒரு வரிசையில் நிற்கவே கூசிய நான், அங்கே அத்தனை வரிசையிலும் ஓரமெல்லாம் எலி கடித்தாற்போல் பல் பல்லாக நின்றுகொண்டு, எல்லாரும் சேர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கின் கீழே பார்த்தேன். புல்லாக்கு இல்லை. அத்தை தூங்கும்போதும் கழற்றாத புல்லாக்கு, சோறு சாப்பிடும்போது இடது விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் புல்லாக்கு, ஊரில் எந்தக் குழந்தையும் மருந்துக்கு வாய் திறக்குமுன் ஒரு முறை பிடித்து இழுத்துப் பார்க்கும் புல்லாக்கு. வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. அம்மாக்கள் குழுத் தலைவி சுந்தலி அக்கா தாளை மூக்குக்கு நேரே பிடித்து, "அடியே நந்தகலி, அரசாங்கம் உனக்கு வயசைக் குறைச்சுக் குடுத்திருக்குடி! எனக்கும் ஒண்ணு வரையச் சொல்லு, பல்லோட சேர்த்து!" என்று சிரித்தார். அத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கா" என்று மட்டும் சொன்னார். இருக்கேன் என்று சொல்லவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு அன்று முழுவதும் வேறெதையும் கேட்கவில்லை. நான் தபால் பைகளில் ஏறி மலை இறங்கிப் போவதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். காண்டாமிருகத் தபால்தலைக்கும் பனிமலைத் தபால்தலைக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, இருட்டில் ஒருவரையொருவர் பார்க்காமல், யாரும் யாரிடமும் பெயர் கேட்காமல், ஆறு மட்டும் கூடவே சத்தம் போட்டுக்கொண்டு வர, நான் காணவே போகாத ஊர்களுக்கெல்லாம் போவது. அதில் எனக்குப் பயமே இல்லை ஐயா. அங்கே போகிறவள் கூச்சப்பட மாட்டாள்.

தொல்லை மறுநாள் தொடங்கியது. முதல் ஆளாகச் சுந்தலி அக்கா அசாமில் இருக்கும் மகளுக்குக் கடிதம் கொண்டுவந்தார். பிருகுராஜ் சித்தப்பா தபால்தலையைக் கிழித்து வழக்கம்போல் நாக்கை நீட்டினார். "நிறுத்துங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நந்தகலி மேல எச்சில் பண்ணுவீங்களா? உங்க பேரனுக்கு மருந்து குடுத்த கையி அது!" அவர், "முன்பக்கம்தாம்மா நந்தகலி, பின்பக்கம் வெறும் பசை" என்றார். "உங்க முதுகுல நான் துப்பினா அது உங்க மேல துப்பினதா இல்லையா?" என்று அக்கா கேட்டார். அவர் தபால்தலையைக் கீழே வைத்தார். சோற்றை நசுக்கி ஒட்டலாம் என்றார் ஒருவர். வெந்த சோறு பட்டால் மேஜையே தீட்டு, அப்புறம் அரசாங்கக் காகிதத்தை எங்கே வைப்பது என்று சித்தப்பா மறுத்துவிட்டார். கடைசியில் மாமா போய்ப் பைன் மரத்துப் பிசினை ஒரு சிரட்டை நிறையக் கொண்டுவந்தார். பிசின் நன்றாகப் பிடித்தது. ரொம்ப நன்றாகவே பிடித்தது. அந்த வாரத்துத் தபால் பை மலை இறங்கி வெயிலில் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஊரின் கடிதங்கள் எல்லாம் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே பாளமாக இருந்தனவாம். கீழே இருந்தவர்கள் அதை வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்திருக்கிறார்கள். சுந்தலி அக்காவின் மகளுக்குப் போக வேண்டிய கடிதத்தின் முதுகில் வேறு யாருடைய எருமை வியாபாரமோ ஒட்டிக்கொண்டு போய், மகள் பயந்துபோய், 'நம்ம எருமையை எதுக்கு வித்தீங்க' என்று பதில் எழுதியிருந்தாள்.

ஒட்டுவது பாதி வேலைதானே ஐயா, முத்திரை குத்த வேண்டாமா? கறுப்பு மையில் ஊறிய முத்திரையைச் சித்தப்பா ஓங்கினார், அம்மாக்கள் குழு மொத்தமும் மேஜையைச் சூழ்ந்துகொண்டது. லஞ்சம் வாங்குகிறவன் முகத்தில்தான் எங்கள் பக்கம் கரியைப் பூசி ஊர்வலம் விடுவார்கள், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "எங்க அக்கா எந்தக் கஜானாவைக் கொள்ளையடிச்சா, அவ முகத்துல கரி பூசறீங்க?" என்று கேட்டார்கள். "இது கரி இல்லம்மா, மை. குத்தலைன்னா கடிதம் போகாது." "அப்ப ஓரமாக் குத்துங்க." "எங்க குத்தினாலும் முகத்துல படுதே! நானா வரைஞ்சேன்?" அன்று முழுவதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவழியாகச் சுந்தலி அக்காவே தசைன் பண்டிகையில் நெற்றிக்கு வைக்கும் சிவப்பு அபீர்ப் பொடியைக் கொண்டுவந்து கடுகெண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். "ஆசீர்வாதம் பண்ற மாதிரி குத்துங்க" என்றார். சித்தப்பா பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் சிவப்பாக, மெதுவாக, திலகம் வைப்பதுபோல் முத்திரை வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பம்பாயில் காவல்கார வேலை பார்க்கும் அத்தை மகன் ஜங்கவீர் அண்ணனுக்குப் போன கடிதமும் அந்தச் சிவப்போடுதான் போனது. அதை அத்தை சொல்லச் சொல்ல எழுதியவள் நான். எருமை கன்று போட்டிருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள், மழைக்கு முன் கூரைக்கு ஆள் தேட வேண்டும், இவ்வளவுதான் எழுதினேன். தபால்தலை பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவனே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்.

அவர் ஆச்சரியப்பட்டார். சித்திரையில் குழந்தைகளுக்கு வைட்டமின் சொட்டு கொடுக்கும் நாளன்று அரசமரத்தடியில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பறவைக் குஞ்சுகள்போல் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். அத்தை குப்பியின் நுனியைக் கத்தரியால் நறுக்கிச் சொட்டுவிட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் குப்பிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மொட்டைத் தலை வெயிலில் தள்ளாடிக்கொண்டு படி ஏறி வந்தது, அத்தையைப் பார்த்தது, அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டது. அத்தை கத்தரியை வைத்துவிட்டு ஓடினார். முகத்தைப் பார்க்குமுன் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், கண் இமையை இறக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "உடம்புல தண்ணியே இல்ல. பெல்மதி, ஜீவன்ஜல் கரைச்சுக் கொண்டா!" அந்த உப்பு சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தைப் பிரித்துக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைப்பது என் வேலை. அத்தைக்கு அளவு தப்பினால் கோபம் வரும், எனக்கு அளவு தப்பாது. நான் டம்ளரைக் கொண்டுவந்தபோதுதான் அத்தை அந்த முகத்தை முகமாகப் பார்த்தார்.

"அட, நம்ம ஜங்கவீர்! என்னடா இது கோலம்?"

அண்ணன் அத்தையையே பார்த்தார். கண்ணீர் மட்டும் வந்தது.

"முதல்ல இதைக் குடி."

"மாட்டேன். அதுல உப்பு இருக்கு" என்றார் அண்ணன். "நான் உப்பு சேர்க்கக் கூடாது. துக்கம் காக்குறேன்."

அத்தை அவர் மொட்டைத் தலையைப் பார்த்தார், மரத்தின் வேரில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "மொட்டை போடறது அப்பனுக்கும் ஆத்தாளுக்கும்தான். உங்கப்பன் இதோ குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு."

"இருக்கேன்டா" என்றார் மாமா.

"அப்ப எனக்கா?"

அண்ணன் தலையை ஆட்டினார். "செத்தவங்களைத்தானேம்மா ஸ்டாம்புல போடுவாங்க. நான் பார்த்த வரைக்கும் காண்டாமிருகத்தைத் தவிர உயிரோட இருக்கிற எதையும் போட்டதில்ல. அதுக்கு மேல முகம் பூரா அபீர் வேற, பாடையில தூவுற மாதிரி."

"கடிதம் நான் சொல்லித்தானேடா எழுதினது? எருமை கன்னு போட்ட விஷயமெல்லாம்?"

"சாகறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். கூரைக்கு ஆள் தேடணும்னு இருந்ததைப் படிச்சுத்தான் ரொம்ப அழுதேன். கடைசி ஆசை கூரையா போச்சேன்னு."

அத்தை டம்ளரை அவர் வாயில் வைத்தார். "எனக்குத்தானே துக்கம் காக்குறே? நானே சொல்றேன், குடி."

குடித்தார். பம்பாயிலிருந்து கோரக்பூர் வரும் ரயிலில், துக்கம் காப்பவனை யாரும் தொடக் கூடாது என்று கழிவறைக் கதவில் சாய்ந்து நின்றபடியே வந்திருக்கிறார். அந்த ரயிலில் யாரையும் தொடாமல் நிற்பதற்கு எவ்வளவு பாடுபட்டார் என்று சொன்னபோது அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். இரண்டாவது டம்ளரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். அண்ணன் பம்பாய்க்குப் போகும்போது நான் இடுப்பில் தூக்கும் வயசு. வாங்கியவர் என்னையே பார்த்தார். மடியிலிருந்து கடித உறையை எடுத்தார். சிவப்பைக் கட்டைவிரலால் துடைத்தார். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மாவோட சின்ன வயசுப் படம்னு நெனச்சேன். இது இவ!"

வாயைத் திறந்துகொண்டு நின்ற பிள்ளைகள்கூட மூடவில்லை. சுந்தலி அக்கா உறையைப் பிடுங்கி என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மூக்குக்குக் கீழே ஒரு விரலைக் குறுக்கே வைத்து மறைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். "புல்லாக்கு எங்க? அய்யோ, புல்லாக்கே இல்லடி!" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள் ஐயா. நான் ஆற்றைத் தேடினேன், அரசமரத்தடியிலிருந்து ஆறு தெரியாது. அத்தைதான் முதலில் சிரித்தார். "எனக்கு எப்ப இவ்வளவு நல்ல மூக்கு வந்துச்சுன்னு நானும் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன்." மாமா புகையை விட்டார். "நான் அன்னிக்கே பார்த்துட்டேன்." "பின்ன ஏன் சொல்லல?" "என்னை யாரு கேட்டா?" பிருகுராஜ் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அரசாங்கம் அச்சடிச்சாச்சு. இனிமே அதுதான் நந்தகலி முகம். முகத்தை மாத்திக்கணும்னா நந்தகலிதான் மாத்திக்கணும்" என்று சொல்லிவிட்டு முத்திரையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். தொடங்கிய துக்கத்தைப் பாதியில் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதால் பதின்மூன்றாம் நாள் விருந்தும் நடந்தது. அத்தையே சமைத்தார், அத்தையே பரிமாறினார், தன் காரியச் சாப்பாட்டில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டு, புளிக்கவைத்துக் காய்ந்த கீரையில் செய்த குந்த்ருக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று தானே குற்றம் சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டு விடக்கூடியதுதான். அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் தபால்தலை எங்கள் ஊரில் மட்டும் நிற்கவில்லை, மலைக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது. வைகாசியில் ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் புகையிலை டப்பா, அதன் மூடியில் நான். அவர் பிள்ளைக்கு நிற்காமல் வயிற்றால் போகிறது. அத்தை வாசலிலேயே உட்கார்ந்து கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் அத்தையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "நீங்க இல்லம்மா. இந்தத் தங்கச்சி எங்க?"

"அது நான்தான்யா" என்றார் அத்தை.

"பிள்ளை கண்ணு செருகிக் கெடக்கு, வெளையாடாதீங்க. இதுல இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க."

"பேரைப் படிச்சுப் பாரு, நந்தகலின்னு இருக்கும்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. முகம் பார்க்கத் தெரியும்."

அப்போது நான் வாளியோடு கொல்லையிலிருந்து வந்தேன். "இதோ!" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய மனிதர் ஐயா, மீசை நரைத்தவர், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சோளக்கதிர்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அத்தை பையை மாட்டிக்கொண்டு, "வாய்யா, அவ பின்னாடி வருவா" என்று பொய் சொல்லி அவரைக் கூட்டிப் போனார். மலை முகடு வரைக்கும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது சோளக்கதிர்களின் இடுக்கு வழியே எனக்குத் தெரிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அத்தை கரைத்துக் கொடுத்த தண்ணீரைப் பிள்ளையின் அம்மா முதலில் வாங்கவே இல்லையாம். ஸ்டாம்பில் இருக்கிறவர் கையால்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாளாம். அவளோடு வாதாடி முடிப்பதற்குள் பிள்ளைக்கு இன்னும் இரண்டு தடவை போய்விட்டது. இதை அத்தை ஊரில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தார். மறுநாள் காலை நான் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தேன். அத்தை சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தபால்தலை, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்திருந்தார். இன்னொரு கையின் விரலால் புல்லாக்கைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி தூக்கிப் பார்த்தார். அப்போது சிரிக்கவில்லை. நான் வந்த வழியே சத்தமில்லாமல் வெளியே போய் எருமைக்கு மறுபடியும் தண்ணீர் காட்டினேன். அதற்குத் தாகமில்லை.

தசைனுக்கு முன் இந்தத் தபால்தலையை இரண்டாம் தடவை அச்சடிக்கப் போவதாகப் பிருகுராஜ் சித்தப்பா சொன்னார். அதில் என்னை எடுத்துவிட்டு அத்தையை வைத்துவிடுங்கள். ஒரு மழைக்காலத்தில் பலகை அடித்துப்போன பாலத்தின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மருந்துப் பையோடு பெருக்கெடுத்த ஆற்றைத் தாண்டியவர் அவர். வேறு யார் முகமாவது அதில் இருந்தால் அந்தப் பை அந்த முகத்துக்குக் கனமாகத் தெரியும். படம் வேண்டும் என்றால் ரத்னமான் அண்ணனைப் பகல் வெளிச்சத்தில் அனுப்புங்கள், அத்தையை நான் பிடித்து உட்கார வைக்கிறேன். அதுவரைக்கும் புல்லாக்கின் அடையாளத்தை எழுதுகிறேன்: அரசிலை வடிவம், நடுவில் மங்கின சிவப்புக் கல் ஒன்று, கீழ் ஓரம் இடது பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும், அது சுந்தலி அக்காவின் பேத்தி சொட்டு மருந்து குடிக்க மாட்டேன் என்று கடித்த இடம். அதை நிமிர்த்தி வரைந்துவிடாதீர்கள். நிமிர்த்தினால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். என்னை எடுத்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் கிடையாது, பொய் சொல்லவில்லை. சில நாள் மழை பெய்யும்போது மட்டும், இப்போது எந்த ஊரில், எந்த வீட்டு இழுப்பறையில் தலைகீழாகப் படுத்திருக்கிறேனோ, அங்கேயும் மழையோ, இழுப்பறையைத் திறக்கிறவர்கள் என்னை யாரென்று நினைப்பார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த நினைப்பையும் அத்தைக்கே கொடுத்துவிடுகிறேன். அவர் போகாத ஊர் மலைக்கு அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. நான் ஸ்டாம்பில் இருப்பவள் இல்லை ஐயா. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவள், பொடியைக் கரைப்பவள், அவ்வளவுதான். யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

உங்கள் கை நடுங்காமல் இருக்கட்டும், கண் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும், ஜன்னல் புறா குஞ்சு பொரிக்கட்டும். பெரியவராக இருந்தால் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், சின்னவராக இருந்தால் அத்தையின் ஆசீர்வாதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழைகளை மன்னியுங்கள்.

இப்படிக்கு,
பெல்மதி ஆலே

பின்குறிப்பு: ஐயா, கடிதத்தை மடிக்கப்போகும்போது வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள், முதுகுத் துணியில் கட்டிய பிள்ளை, தலை தொங்கிப்போய் இருக்கிறது, நேற்றிலிருந்து வயிற்றால் போகிறதாம். அத்தை ஒரு கூட்டத்துக்காக அடுத்த மலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். பொடியைக் கரைத்து ஒரு டம்ளர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு துணியைப் பிரித்தாள், அதற்குள் ஸ்டாம்பு. "இது நீதானே அக்கா?" என்றாள். என்னைவிட அவளுக்கு வயசு அதிகம். ஆற்றைப் பார்க்கலாம் என்று திரும்பினேன், பிள்ளை கண்ணில் பட்டது. ஆமாம் என்று சொன்னேன். வாங்கிக்கொண்டாள். இப்போது கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை விழுங்குகிறது. சுகாதார நிலையம் வரைக்கும் நானும் கூட வர வேண்டும் என்கிறாள், பாதை எனக்குத் தெரியும். சிரட்டையில் பிசின் காய்ந்துபோயிருக்கிறது. என் முகம்தானே, என் எச்சில்தானே என்று தபால்தலையை நானே நாக்கில் தடவி உறையில் ஒட்டிவிட்டேன். யார் வந்து கேட்டாலும் நான் இல்லை என்பேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள், அத்தையின் புல்லாக்கு பற்றியது மட்டும் அப்படியே இருக்கட்டும். உறையைப் பிருகுராஜ் சித்தப்பாவிடம் சேர்க்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு, ஆணியிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.